எட்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு ராத்திரி கடற்கரை: சென்னையில் இருந்து எங்கே, எப்போது, எப்படி

கேள்வி இதுதான்: வேளச்சேரியில் குடியிருக்கும் குடும்பம். கணவன், மனைவி, 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூட வயதான அம்மா. கார் கிடையாது. கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர வேண்டும், செலவு 8,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ரிசார்ட்டுகளில் ஒரு அறைக்கே அந்தத் தொகையைக் கேட்கிறார்களே, இது நடக்கிற காரியமா?

நடக்கும். மாமல்லபுரம் போங்கள். ஆனால் சனிக்கிழமை போகாதீர்கள். ஞாயிறு மதியம் கிளம்பி திங்கள் சாயங்காலம் திரும்புங்கள். செலவைக் குறைப்பதற்கு எல்லோரும் வேறு ஊர் தேடுகிறார்கள், மலிவான ஓட்டல் தேடுகிறார்கள், கூப்பன் தேடுகிறார்கள். கிழமையை மாற்றுவதில் கிடைக்கிற லாபம் இவை எதிலும் கிடைக்காது. சனிக்கிழமை ராத்திரி 3,000 சொல்லும் அதே அறையை ஞாயிறு ராத்திரி 1,500க்கோ 1,800க்கோ தருவார்கள். சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் வந்த கூட்டம் ஞாயிறு மாலை மூட்டை கட்டிவிடும். அதற்குப் பிறகு அறை காலியாகக் கிடந்தால் நட்டம் லாட்ஜ்காரருக்குத்தான் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பிள்ளைகளுக்குத் திங்கள்கிழமை பள்ளி உண்டே என்றால், காலாண்டு விடுமுறையிலோ முழுப் பரீட்சை முடிந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு விடுமுறை மட்டும் வேண்டாம். கிறிஸ்துமஸில் தொடங்கி பொங்கல் வரை மாமல்லபுரத்தில் எந்தக் கிழமைக்கும் வார இறுதி விலைதான். காணும் பொங்கலன்று அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்க வேண்டாம்.

ஊர் ஏன் மாமல்லபுரம் என்பதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருந்து 55, 60 கிலோமீட்டர்தான், மாநகரப் பேருந்தே போகிறது. கடற்கரை, கோயில், லாட்ஜ், மெஸ் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன, அதனால் உள்ளூரில் வண்டிச் செலவு கிட்டத்தட்ட இல்லை. வெயிலில் கடற்கரையில் நிற்க முடியாத பகல் நேரத்தில் செய்வதற்கும் அங்கே ஏதாவது இருக்கிறது. வெறும் கடல் மட்டும் உள்ள ஊரில் காலை 9 மணிக்கு மேல் பிள்ளைகள் "அடுத்து என்ன?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்; அங்கேதான் பர்ஸ் திறக்கும்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புதுச்சேரி 150 கிலோமீட்டர், இசிஆர் வழியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு ராத்திரிக்கு அவ்வளவு தூரம் அலைவது அம்மாவுக்குச் சிரமம். இரண்டு ராத்திரி ஒதுக்க முடிந்தால் யோசிக்கலாம். அப்படிப் போனால் அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்களை முதலில் விசாரியுங்கள். கடலைப் பார்த்த அறையை நியாயமான வாடகைக்குத் தரும் இடங்கள் இந்தக் கரையில் மிகக் குறைவு, அவற்றில் அது ஒன்று. மது, புகை கூடாது, இரவில் நேரத்தோடு வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை. வடக்கே பழவேற்காடு இருக்கிறது. புறநகர் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து, செலவு மிகவும் குறைவு. ஏரி, டச்சுக்காரர் கல்லறைகள், குளிர்காலத்தில் பூநாரைகள் என்று பார்ப்பதற்கு நிறைய உண்டு. ஆனால் குடும்பத்தோடு தங்குவதற்கு வசதி போதாது, காலையில் போய் மாலையில் திரும்பும் ஊர் அது. அங்கே உயிர்காப்பு உடை இல்லாத படகில் மட்டும் யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல் இறந்துபோன இடம் அது. மரக்காணத்துக்குப் போகும் வழியில் ஆலம்பரைக் கோட்டை அழகு, ஆனால் சொந்த வண்டி வேண்டும். தரங்கம்பாடி ஒரு ராத்திரிக் கணக்குக்கு ரொம்பத் தூரம்.

சரி, மாமல்லபுரத்துக்கு வருவோம்.

போக்குவரத்தில் இருந்து தொடங்குகிறேன். வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூரில் இறங்கிவிடலாம், டிக்கெட் காசு காப்பி விலைகூட ஆகாது. ஸ்டேஷனில் இருந்து பேருந்து நிலையம் வரை மட்டும் ஆட்டோ. அங்கே மாமல்லபுரம் போகும் மாநகரப் பேருந்துகள் வரும். சாதாரணக் கட்டணப் பேருந்து கிடைத்தால் உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் இல்லை. டீலக்ஸ், ஏசி என்றால் எல்லோருக்கும் உண்டு. சராசரியாக ஆளுக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கிருந்து 515 இருக்கிறது, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போகும்.

இதில் ஒரு விஷயம். இசிஆரில் பறக்கும் புதுச்சேரி பேருந்தில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். போகலாம், ஆனால் அது ஊருக்குள் வராது, பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடும். பையும் பிள்ளைகளுமாக அங்கே இறங்கினால், நிற்கிற ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை. ஊருக்குள் போகும் மாநகரப் பேருந்தே உங்களுக்குச் சரி. கால் டாக்சி வைத்தால் போக வர ஆகும் செலவில் இன்னொரு ராத்திரி தங்கிவிடலாம். சொந்தக் கார் உள்ளவர்களும் பெட்ரோலோடு உத்தண்டி டோல், ஊர் நுழைவுக் கட்டணம், பார்க்கிங் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்து அறை. மொத்தச் செலவில் பெரிய பங்கு இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருவையும் அதன் குறுக்குத் தெருவையும் பாருங்கள். வெளிநாட்டுப் பயணிகளை நம்பி வளர்ந்த தெருக்கள், சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் வரிசையாக இருக்கும். அங்கிருந்து மணலுக்குச் சில நிமிட நடை. "சீ வியூ" என்று எழுதிய அறைக்குக் கூடுதலாக ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுக்காதீர்கள். நம் கரை கிழக்கைப் பார்த்தது. காலை முழுக்க அந்த ஜன்னலில் கண் கூசும், திரையை இழுத்து மூடிவிடுவீர்கள். ராத்திரி இருட்டில் ஒன்றும் தெரியாது. விடியற்காலை ஒரு மணி நேரக் காட்சிக்காகக் கொடுக்கிற பணம் அது, அந்த நேரத்தில் நீங்கள் மணலில்தான் இருக்கப் போகிறீர்கள். "பிரைவேட் பீச்" என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். கடற்கரை பொதுச் சொத்து. ரிசார்ட்டுக்குச் சொந்தமானது அங்கே போகிற வாசல் மட்டும்தான்.

செயலியில் விலையையும் படங்களையும் பார்த்துக்கொண்டு, பிறகு லாட்ஜுக்கே நேரடியாகப் போன் செய்யுங்கள். செயலிக்குக் கொடுக்க வேண்டிய கமிஷன் மிச்சமாவதால் பெரும்பாலும் ஏதாவது குறைத்துத் தருவார்கள். போனில் கேட்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. செக்அவுட் மதியம் 12 மணியா, 24 மணி நேரமா? நம் ஊர் லாட்ஜுகளில் இன்னமும் 24 மணி நேரக் கணக்கு உண்டு. ஞாயிறு மூன்று மணிக்கு நுழைந்தால் திங்கள் மூன்று மணி வரை அறை உங்களுடையது, அந்த மதிய ஓய்வு உங்கள் அம்மாவுக்குப் பெரிய வரம். சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா? (7,500 ரூபாய் வரையிலான அறைக்கு செப்டம்பர் 2025 முதல் 5 சதவீதம், பழைய 12 சதவீதத்தை யாராவது போட்டால் கேளுங்கள்.) மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஏசிக்கும் சேர்த்தா, ஃபேனுக்கு மட்டுமா? தரைத்தளத்தில் அறை கிடைக்குமா? அம்மா வருவதால் இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம், இந்தச் சின்னக் கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது.

ஐந்து பேருக்கு ஒரே அறையில் எக்ஸ்ட்ரா பெட் போட்டு ஒடுக்கிக்கொள்வதைவிட, தலா 1,500 ரூபாயில் அடுத்தடுத்து இரண்டு சின்ன அறைகள் எடுப்பது மேல். எக்ஸ்ட்ரா பெட் இரண்டுக்கு அவர்கள் வாங்குகிற தொகையைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இருக்காது. பெரியவர்கள் எல்லோருடைய ஆதாரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கடலைப் பற்றி. மாமல்லபுரத்தில் கடலில் இறங்கிக் குளிப்பதற்காகப் போகாதீர்கள். ஏதோ பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் கரையில் மணல் சட்டென்று சரியும். முழங்காலளவில் நிற்பவர் அடுத்த இரண்டு எட்டில் கழுத்தளவுக்குப் போய்விடுவார். அதோடு, அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கிற தண்ணீர் ஏதாவது ஒரு குறுகிய வழியாகத்தான் வேகமாகத் திரும்பிப் போகும். அந்த இடத்தில் அலை உடையாது, அதனால் மேலே பார்க்க அமைதியாகத் தெரியும். "இங்கே அலையே இல்லை, இங்கே இறங்கலாம்" என்று ஆட்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் அது இழுத்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைகளுக்குக் கணுக்கால் அளவு, அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. அவ்வளவுதான்.

தண்ணீரில் ஆடியே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் வழியில் கோவளம் இருக்கிறது. சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் சர்வதேச அளவில் தரப்படும் நீலக்கொடிச் சான்றிதழை 2021இல் பெற்ற கடற்கரை அது. குளிப்பதற்கு என்று குறித்த பகுதி, உயிர்காப்பாளர்கள், உடை மாற்றும் அறை, சுத்தமான கழிப்பறை எல்லாம் உண்டு. உள்ளே போக ஒரு சிறு கட்டணம் வாங்குவார்கள், அந்தக் கழிப்பறைக்காகவே கொடுக்கலாம். கொஞ்சம் தள்ளி அந்த ஊர் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறார்கள். அதன் கட்டணம் உங்கள் பட்ஜெட்டில் உட்காராது, ஆனால் பார்ப்பதற்குக் காசில்லை.

ஞாயிறு, திங்களை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். ஞாயிறு வீட்டில் சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள், ஐந்து பேருக்கு ஒரு வேளை வெளிச்சாப்பாடு மிச்சம். பிள்ளைகளுக்கு முதலைப் பண்ணை பார்க்க ஆசை என்றால் ஞாயிறு அன்றே, போகிற வழியில் வடநெம்மேலியில் இறங்கிப் பார்த்துவிடுங்கள். திங்கள்கிழமை அது விடுமுறை. (முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா என்ற கலை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. இந்த இரண்டும் தெரியாமல் வாரநாளில் போய் கேட்டில் நின்று திரும்புகிறவர்கள் நிறைய.) முதலைப் பண்ணை 1976இல் ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. வெறும் காட்சிச்சாலையாக இல்லாமல் இனப்பெருக்கத்துக்காக உருவான இடம் என்பதால் அங்கே முதலைகள் கும்பல் கும்பலாகக் கிடக்கும், பிள்ளைகள் ஒரு மணி நேரத்துக்கு உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

மாமல்லபுரத்துக்கு நாலு, ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் உடனே கடற்கரைக்கு ஓட வேண்டாம். ஞாயிறு மாலை அங்கே கால் வைக்க இடமிருக்காது. அறையில் ஒரு காப்பி, ஒரு குட்டித் தூக்கம். ஆறு மணிக்கு மேல் கூட்டம் பேருந்து நிலையம் பக்கம் நகர ஆரம்பிக்கும்போது நீங்கள் மணலுக்குப் போங்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் காலண்டரில் பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறாகப் பாருங்கள். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது, ஆனால் பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்கும் அதே நேரத்தில் நிலா கடலில் இருந்து எழும். கோவா போய்ப் பணம் செலவழித்தாலும் இதைப் பார்க்க முடியாது. மாசி மகத்தை ஒட்டி மட்டும் கணக்கு வேறு. அப்போது பல ஊர்களில் இருந்தும் இருளர் மக்கள் வந்து இந்தக் கடற்கரையில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, கல்யாணங்களும் நடத்துவார்கள். கரை நிரம்பியிருக்கும். அது அவர்களுடைய நாள். போனால் அந்த மரியாதையோடு போங்கள், ஓய்வைத் தேடிப் போகாதீர்கள்.

திங்கள் காலை ஐந்தரைக்கு எல்லோரையும் எழுப்பிவிடுங்கள். ஒத்தவாடைத் தெரு முனையில் மணலுக்கு இறங்கினால் வலது பக்கம் கடற்கரைக் கோயில், முன்னால் மீனவர்களின் ஃபைபர் படகுகள். வலையில் இருந்து மீனை உதறி எடுப்பதை உங்கள் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். கோயில் காலை ஆறு மணிக்கே திறக்கிறது. பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் ஒன்பதுக்கு மேல்தான் வரும், அதுவரை இடம் உங்களுடையது. இந்தியர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். அதே டிக்கெட் அன்றைக்கு ஐந்து ரதங்களுக்கும் செல்லும், கசக்கிப் போட்டுவிடாதீர்கள். கோயில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் கல்லை அடுக்கிக் கட்டியது. ஐந்து ரதங்கள் அதற்கு முந்தியவை, இருந்த பாறையை மேலிருந்து குடைந்து செதுக்கியவை, வேலை முடியாமலே நின்றுபோனவை. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் பெரிய பிள்ளையிடம் சொல்லி, எங்கெங்கே உளி பாதியில் நின்றிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

நடுவில் டிபன். பத்து மணிக்குள் ரதங்களை முடித்துவிடுங்கள். கல்லும் மணலும் சூடேறிவிட்டால் அம்மாவால் செருப்போடுகூட நடக்க முடியாது. அர்ச்சுனன் தபசும் வெண்ணெய் உருண்டைப் பாறையும் ஊர் நடுவிலேயே இருக்கின்றன, திரும்பும் வழியில் பார்த்துவிடலாம். அதன் பிறகு மதியம் வரை அறைதான். இந்த இடைவெளியில் ஊர் சுற்ற ஆசைப்பட்டு ஆட்டோ பிடிக்கிறவர்கள்தான் களைத்துப்போய், எரிச்சலில் சண்டை போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு கண்ணி இருக்கிறது, மீன். கடற்கரையோர உணவகங்களில் தட்டில் மீனைக் கொண்டுவந்து காட்டுவார்கள். வஞ்சிரமோ சங்கராவோ இறாலோ கடம்பாவோ எதுவாக இருந்தாலும், அடுப்பில் ஏறுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: எடை எவ்வளவு, கிலோ என்ன விலை, பொரித்துத் தரத் தனிக் காசா? கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கேட்காமல் விட்டால்தான் பில்லில் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் மீன். விலை ஏறும், ஐஸில் கிடந்த மீனும் தட்டுக்கு வரும். கோடை விடுமுறையில் போனால் மீன் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேளைகளுக்குப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மெஸ்களும் டிபன் கடைகளும் போதும். கடற்கரைத் தெருவில் ஒருவருக்கு ஆகிற காசில் அங்கே இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம்.

கூட்டிப் பார்ப்போம். இரண்டு அறைகள் வரியோடு 3,200. போக வரப் பேருந்து, ரயில், திருவான்மியூர் ஆட்டோ, ஊருக்குள் அம்மாவுக்காக ஒன்றிரண்டு ஆட்டோ எல்லாம் சேர்த்து 1,000. ஞாயிறு ராத்திரி, திங்கள் காலை, மதியம் என மூன்று வேளையும் காப்பி, சுண்டல், பஜ்ஜியும் 2,300. இதில் ஒரு வேளை மீன் அடக்கம். கோயில் டிக்கெட் 120. முதலைப் பண்ணைக்கும் கோவளத்துக்கும் சேர்த்து 600 ஒதுக்குங்கள். மொத்தம் 7,200 சொச்சம். மிச்சம் இருக்கும் 800ஐ உடனே எதற்கும் ஒதுக்கிவிடாதீர்கள். கல்சிற்பக் கடைகள் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, சின்னதாக ஒரு பிள்ளையாராவது வாங்காமல் உங்கள் அம்மா பேருந்து ஏறப் போவதில்லை.

மாதம் என்று கேட்டால் ஜனவரிக் கடைசியில் இருந்து மார்ச் நடு வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் போகலாம், ஆனால் காலை ஏழரைக்கு மேல் வெயில் விரட்டும். கடற்காற்று எழுந்து வர மதியம் ஆகிவிடும். அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழை. வாடகை அப்போதுதான் மிகக் குறைவு, அந்த மலிவுக்கு ஆசைப்பட்டால் முன்பணம் கட்டாமல் பதிவு செய்யுங்கள். 2016 வர்தா புயல் டிசம்பரில் வந்தது, 2023 மிக்ஜாம் டிசம்பரில் வந்தது, 2024இல் ஃபெஞ்சல் நவம்பர் கடைசி நாளில் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்தால் பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். மழை விட்ட பிறகும் சில நாட்களுக்குக் கடல் கொந்தளித்தபடிதான் இருக்கும், கரையும் குப்பையாகக் கிடக்கும்.

திங்கள் மாலை திரும்பும்போது ஆறு மணிப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம். மூன்று மணிக்கு அறையைக் காலி செய்த கையோடு பேருந்து ஏறினால், கோவளத்தில் இறங்கி ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு, இருட்டுவதற்குள் திருவான்மியூர் வந்துவிடலாம். நனைந்த துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி. கோவளம் நிறுத்தத்தில் இருந்து கடற்கரை வரை நடை கொஞ்சம் இருக்கிறது, அதற்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும்.